தரை தட்டும் விரல்

சப்தம் செய்யாத இயந்திரமே உயர்ந்த இயந்திரம் என்றும், விரல் எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு வேகம் கூடும் என்றும் இரண்டு அபிப்பிராயங்கள் இப்போது படித்த பிள்ளைகளிடையே வேதவாக்காக நிலைத்துவிட்டன. இவற்றின் விளைவாக, கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுவதற்கென்றே ஆயிரக்கணக்கில் கொடுத்து மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை வாங்கி, வாங்கிய வாரத்திலேயே அதன் விசைகளையெல்லாம் பிடுங்கி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டித் திரும்பப் பொருத்தி, 'ஓட்டத்தைக் குறைத்துவிட்டேன்' என்று மார்தட்டிக்கொள்ளும் இளைஞர்களை இந்தப் பிச்சாட்டூரிலேயே பார்த்து வருகிறேன். பார்த்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். சில மாதங்களுக்கு முன் புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனைக்கு நின்ற பையன், நான் என்ன தொழில் செய்தவன் என்று தெரிந்த பிறகும், "இதுக்கெல்லாம் மெக்கானிக் எதுக்கு பெரியவரே? ஒரு பாக்கெட் ரிங் வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுது" என்றான். அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது.

நான் டைப்ரைட்டர் மெக்கானிக். ஊத்துக்கோட்டையிலிருந்து நகரி வரைக்கும், சத்தியவேட்டிலிருந்து திருப்பதி வரைக்கும், கோர்ட்டு, தாசில்தார் ஆபீசு, பத்திர எழுத்தர் திண்ணை, டைப் இன்ஸ்டிடியூட் என்று மெஷின் இருந்த இடமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போனவன். 1960இல் எல்லைக்கோடு மாறித் திருத்தணி அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் ஆனோம். 2022இல் எங்களுக்குச் சித்தூர் ஜில்லா என்பது போய்த் திருப்பதி ஜில்லா என்றாயிற்று. ஆனாலும் இந்தப் பிரதேசத்தில் ஒரே மேஜை வரிசையில் தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்று மெஷின்களும் அக்கம்பக்கமாக இருந்து வந்தன. மூன்றையும் பிரித்துப் பூட்டத் தெரிந்தால்தான் இங்கே பிழைப்பு நடந்தது. ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், 1955 முதல் நம் நாட்டிலேயே செய்துவந்த கோத்ரெஜ் எல்லாம் என் மடியில் படுத்து எழுந்தவை. 2009இல் கோத்ரெஜ்காரர்களும் உற்பத்தியை நிறுத்திவிட்ட பிறகு, எடைக்குப் போட்ட மெஷின்களிலிருந்து உதிரிபாகம் எடுத்து மற்ற மெஷின்களுக்குப் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினேன். இப்போது பையன்கள் கீபோர்டைக் கொண்டுவருகிறார்கள். விசை விசைதானே என்று அவற்றையும் பிரித்துப் பார்த்தேன்.

செர்ரி எம்எக்ஸ் என்று ஜெர்மனியில் 1980களில் பிறந்த சுவிட்சும், அதன் அச்சிலேயே பிற்பாடு வேறு தேசங்களில் வார்த்த சுவிட்சுகளும்தான் பெரும்பாலான இந்தக் கீபோர்டுகளுக்குள் இருப்பவை. சாதாரண சிவப்புச் சுவிட்சில் தண்டு மேலிருந்து அடிவரை இறங்கும் தூரம், அதாவது ஓட்டம், 4 மில்லிமீட்டர். எழுத்து விழுவது 2 மில்லிமீட்டரில். வளையம், மூடியின் உள்ளே சிலுவைக்குழி உள்ள காம்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மூடி இறங்கும்போது அது சுவிட்சின் கூட்டுத் தலையில் மோதி, தண்டு அடியில் போய் இடிப்பதற்கு முன்பே தாங்கிக்கொள்ளும். நல்ல வளையமாயிருந்தால் குறையும் தூரம் கனத்துக்குத் தக்கபடி 0.2 அல்லது 0.4 மில்லிமீட்டர். இவ்வளவுதான் அதன் சாஸ்திரம்.

இதில் வேகம் எங்கே வந்தது? என் தங்கை பேரன் ஒருவன் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறான்; இரவெல்லாம் வாலரண்ட் என்ற சண்டை விளையாட்டு ஆடுகிறான். அவனுடைய கீபோர்டையே வைத்து அவனுக்கு ஒரு காரியம் செய்து காட்டினேன். திரையில் வெறும் ஏடு ஒன்றைத் திறக்கச் சொல்லி, 'டபிள்யூ' விசையை வளையத்தோடு மூச்சுப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினேன். பாதி வழியில் எழுத்து விழுந்தது. விரல் அதற்கப்புறமும் இறங்கி, மெத்தென்று நின்றது. பிறகு வளையத்தைக் கழற்றிவிட்டு அதே விசையை அதே நிதானத்தில் இறக்கினேன். எழுத்து விழுந்த இடம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மாறியது நின்ற இடம் மட்டும். "அப்போ ரிங்குக்கு நான் கொடுத்த காசு வீணா தாத்தா?" என்றான். முழுக்க வீண் என்று சொல்ல என் மனச்சாட்சி இடம் தரவில்லை. சண்டை விளையாட்டில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது, அப்படிப் பிடித்த விசையை விடும்போது, தண்டு அடியிலிருந்து எழும்பி எழுத்து அறுபடும் இடத்துக்கு வந்து சேர வேண்டும், அடியே 0.4 மில்லிமீட்டர் மேலே வந்துவிட்டபடியால் அந்தத் திரும்புவழி கொஞ்சம் சுருங்குகிறது. லாபம் என்று ஒன்று இருந்தால் அது ஏறும்போது வருகிற அந்தத் துளி லாபந்தான். அதையோ ஒருவரும் கேட்டு வாங்குவதாகத் தெரியவில்லை. எல்லோரும் கேட்பது இறங்கும் வேகம்.

இதை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் என் மாஸ்டர். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது எனக்குச் சாத்தியமில்லை.

சென்னையில் பெரிய டைப்ரைட்டர் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் பிரிவில் வாலிபத்தையெல்லாம் கழித்துவிட்டு, தகப்பனார் காலமானபின் ஊருக்குத் திரும்பி, கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் மேஜை போட்டு உட்கார்ந்தவர் அவர். பேச்சு குறைவு, கோபம் அதிகம், மூக்குப்பொடி அதனினும் அதிகம். சிஷ்யர்களாக வந்த பையன்களில் பெரும்பாலோர் ஒரு மழைக்காலம் தாங்குவதற்குள் ஓடிப்போனார்கள். ஏனென்றால், வந்தவனை அவர் திருப்புளியைத் தொடவே விடமாட்டார். வெள்ளைப் பெட்ரோலையும் பல்துலக்கும் பிரஷ்ஷையும் கொடுத்து, எழுத்துக்கம்பிகள் பொருந்தியிருக்கும் செக்மெண்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுவார். செக்மெண்டில் எண்ணெய் விட்டவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எண்ணெய் விட்டால் முதல் நாள் வெண்ணெயாய் ஓடி, பத்தாம் நாள் தூசியோடு சேர்ந்து பிசினாகி, எழுத்துக்கம்பிகள் போன இடத்திலேயே நின்றுவிடும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயந்தானே. ரப்பரைப் பற்றி அவருக்கு ஒரு விதி இருந்தது. மெஷினில் ரப்பருக்கு மூன்று ஸ்தானங்கள்: காகிதத்தைத் தாங்கும் பெரிய உருளை, அதன் அடியில் காகிதத்தைப் பிடிக்கும் சிறு உருளைகள், கால்கள். நான்காவதாக ஓர் இடத்தில் ரப்பரைக் கண்டாரானால், அது யாருடைய மெஷினாயிருந்தாலும், கேட்காமலே பிடுங்கி எறிந்துவிடுவார்.

அவர் எனக்குக் கற்பித்தவற்றுள் தலையாயது ரிங்-சிலிண்டர் பார்ப்பது. டைப் அடிக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், விசையை அழுத்தினால் அந்த அழுத்தமே கம்பி வழியாகப் போய் எழுத்தைக் காகிதத்தில் பதிக்கிறது என்று எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல. எழுத்துக்கம்பி உருளையைத் தொடுவதற்கு ஒரு நூலளவு முன்பாகவே, செக்மெண்டில் உள்ள இரும்பு வளையத்தில் மோதி நின்றுவிடும். மிச்சமுள்ள அந்த நூலளவை எழுத்து தன் வேகத்தாலேயே தாண்டிக் காகிதத்தைத் தொட்டுவிட்டு மீளும். விரலின் வேலை அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளி குறைந்தால் எழுத்து காகிதத்தைக் குத்தும்; 'ஓ' என்ற இங்கிலீஷ் எழுத்தெல்லாம் வட்டவட்டமாய்ப் பொத்துக்கொண்டு மேஜைமேல் உதிரும்; உருளையும் அம்மைத் தழும்பு முகமாகிவிடும். கூடினாலோ எழுத்து மங்கி ஆவியாய்த் தெரியும். மாஸ்டர் மெல்லிய காகிதத்தை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, எழுத்துக்கும் உருளைக்கும் நடுவில் செருகி, விசையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அந்தத் துண்டை இழுப்பார். துண்டு சிக்காமலும், சும்மா நழுவாமலும், ஒரு சிறு உரசலோடு வர வேண்டும். வந்தால் தலையை ஆட்டுவார். எத்தனையோ நாள் அந்த உரசலை நான் உணர்ந்துவிட்டதாகச் சொன்னதும், அவர் துண்டை வாங்கி ஒரு தடவை இழுத்துப் பார்த்து, பதில் சொல்லாமல் மெஷினை என் பக்கம் தள்ளிவிட்டதும், இன்றைக்கும் கை நுனியில் இருக்கின்றன.

இந்தப் பக்கத்து இன்ஸ்டிடியூட் ஒன்றின் முதலாளிக்கு, அப்போது ஒரு யுக்தி தோன்றிற்று. பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடிக்க வேண்டிய லோயர் மாணவர்கள் தடுமாறுகிறார்கள், விசை ஆழமாக இறங்குவதுதான் காரணம் என்று நினைத்து, சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி விசைக்கம்பிகளின் கீழே வரிசையாய் ஒட்டிவிட்டார். சப்தம் குறைந்தது, அவருக்குப் பரம திருப்தி. மறுநாள் எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. ஏறாமல் என்ன செய்யும்? வண்டியை ஓர் இடம் நகர்த்தும் எஸ்கேப்மெண்ட் விடுபடுவது, விசையின் ஓட்டத்தில் கடைசிப் பகுதியில்தான். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் அவர் ரப்பரால் அடைத்துவிட்டார். மாஸ்டர் போய்ப் பார்த்தார். தமிழ் மெஷினில் மட்டும் புள்ளி விசை ஒழுங்காக வேலை செய்வதைக் காட்டி, "இது மட்டும் எப்படிங்க சரியா இருக்கு?" என்று முதலாளி கேட்க, "அது நகரா விசை ஐயா, அதுக்கு வண்டியை நகர்த்தற வேலையே இல்லை" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைச் சுரண்ட ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அவர்கள் தமிழ் எழுத்துக்களை ஒரு மெஷினுக்குள் அடக்குவதற்காகக் கண்டுபிடித்த உபாயம் அந்த நகரா விசை என்பதையும், வேலை முடிந்து திரும்பி வரும் வழியில் எனக்குச் சொன்னவர் அவர்தான்.

திரும்பி வருகையில் இன்னொன்றும் சொன்னார். மாணவன் விரல் அடியில் போய் நிற்பதுதான் குற்றம்; சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டு எடுப்பதுபோல விசையைத் தொட்டு எடுக்கப் பழக்க வேண்டிய வாத்தியார், அதைச் செய்ய அலுத்துக்கொண்டு மெஷினுக்கு மெத்தை போடுகிறார் என்றார். எனக்கு அந்தப் பேச்சு அப்படியே இந்தக் கீபோர்டுகளுக்கும் பொருந்துவதாகப் படுகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். டைப்ரைட்டரில் கடைசிப் பகுதி அடைபட்டால் மெஷின் நின்றுபோகும். தவறு உடனே காட்டிக்கொடுக்கப்படும். இந்தச் சுவிட்சிலோ எழுத்து பாதியில் விழுந்துவிடுகிறபடியால், கீழ்ப்பாதி வெறும் பாதை. அதை அடைத்தால் ஒன்றும் கெடாது. கெடாத காரணத்தாலேயே, அடைத்ததனால் நன்மை வந்ததென்று நம்பிக்கொள்ளவும் முடிகிறது.

சப்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரியிலும் நாராயணவனத்திலும் விசைத்தறிகளுக்கு நடுவே தூங்கி எழுந்த ஜனங்களுக்கு ஒரு கீபோர்டின் சப்தம் எம்மாத்திரம் என்று நான் கேட்டால், பையன்கள் சிரிக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆடினால் அப்பா விழித்துக்கொள்கிறாராம். நியாயமான சங்கடந்தான். அப்பா விழித்துக்கொள்ளாத நேரத்தில் ஆடலாம் என்ற உபாயம் அவர்களுக்குத் தோன்றவில்லை. வளையம் தணிப்பது, தண்டு அடியில் இடிக்கும் சப்தத்தை மட்டும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் தண்டை மேலே எறிய, அது கூட்டின் மேல்விளிம்பில் இடிக்கிறதே, அந்தச் சப்தத்துக்கு வளையம் ஒன்றும் செய்யாது. செர்ரிக்காரர்களே மௌனச் சிவப்பு என்று ஒன்று செய்து, தண்டிலேயே மேலும் கீழும் மிருதுவான துண்டு வைத்து, ஓட்டத்தையும் 3.7 மில்லிமீட்டராக்கி விற்கிறார்கள். மௌனம் வேண்டுமென்கிறவன் அதை வாங்க வேண்டும். இனி, நம் சென்னை டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் 'கோல்டு' கீபோர்டு இருக்கிறதே, பேங்குக் கவுண்டரிலும் பில் போடுகிற கடைகளிலும் டக்டக்கென்று ஒலித்துக்கொண்டிருந்தது, நம் பையன்களில் பலருக்கு முதல் மெக்கானிக்கல் கீபோர்டாக வாய்த்ததும் அதுதான். அதில் வெகுகாலம் இருந்தது செர்ரியின் நீலச் சுவிட்சு. அந்தச் சொடுக்கு, தண்டின் மேல் ஏறியிருக்கும் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு நடுவழியில் துள்ளி விழுவதால் வருவது. அதற்கு வளையம் மாட்டிவிட்டு, "சத்தம் குறையவே இல்லையே" என்று என்னிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு. சொடுக்கு நடுவில், வளையம் அடியில், எப்படிக் குறையும்?

ரெமிங்டன்காரர்கள் 1920களிலேயே சப்தமில்லா டைப்ரைட்டர் என்று ஒன்றை விற்றார்கள். அதில் எழுத்து அடிப்பதில்லை, கிட்டே வந்து அழுத்துகிறது. ஆபீசுக்காரர்களுக்கு வேண்டியதோ நாலு கார்பன் பிரதி. அழுத்துகிற எழுத்து அடிப்பிரதி வரைக்கும் சரியாக எட்டுவதில்லை. இதற்கு நேர்மாறாக, இந்தக் காலத்தில் வேறொரு கூட்டம் கீபோர்டு 'தொக்' என்று சப்தம் செய்ய வேண்டுமென்பதற்காகவே கூட்டுக்குள் பஞ்சு அடைத்து, கிரீஸ் தடவி, பித்தளைத் தகடு வைத்து, ஒரு மாதச் சம்பளத்தைக் கரைக்கிறது. ஒருவன் சப்தத்தைக் கொல்லக் காசு கொடுக்கிறான், இன்னொருவன் வளர்க்கக் கொடுக்கிறான். இரண்டு பேரும் என்னைப் பார்த்து, "டைப்ரைட்டர் காலத்து ஆள்" என்கிறார்கள்.

மாட்டுவது என்று தீர்மானித்துவிட்டால், அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? எல்லாச் சாதாரண விசைக்கும் மாட்டிவிட்டு, ஸ்பேஸ், எண்டர், ஷிப்ட் ஆகிய நீள விசைகளுக்கு நடுக்காம்பில் மட்டும் ஒன்றை மாட்டி விட்டுவிடுகிறார்கள். அவற்றின் இரு பக்கத்திலும் ஸ்டெபிலைசர் காம்புகள் இருக்கின்றன. அவை வளையமில்லாமல் அடியில் போய்க் கடகடவென்று இடிக்கும். ஓரத்தில் தட்டினால் விசை சாயும். மூடிக்கு உள்ளே குறுக்குச் சட்டம் வார்த்திருந்தால், வளையம் காம்பின் அடிவரை போய் உட்காராது. அதைப் பாராமல் திணித்தால் விசைக்கு விசை உயரம் வேறுபடும். ஒரு வளையம் போதாதென்று இரண்டாக மாட்டி, எழுத்து விழுமிடம் வரைக்குமே ஓட்டத்தைச் சுருக்கிவிட்டு, மூலையில் அழுத்தினால் எழுத்து வரவில்லை என்று சுவிட்சைப் பழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கீபோர்டுக்கு நூற்றுச் சொச்சம் வளையம் வேண்டும். அத்தனையும் ஒரே கனம், ஒரே கடினமாயிருந்தாலொழிய, விரல் வரிசையில் ஓடும்போது இங்கே பஞ்சு, அங்கே கல் என்று தெரிந்துகொண்டே இருக்கும். அது தெரியவில்லை என்று எவனாவது சொன்னால், அவன் விரலை நம்பி நான் எந்த வேலையையும் ஒப்படைக்க மாட்டேன்.

ரப்பர் என்றாலே ஒரே ஜாதி என்று நினைப்பது இன்னொரு அறியாமை. டைப்ரைட்டர் உருளையை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், பெட்ரோல் பட்டால் கெடும் என்று எங்களுக்கு முதல் பாடத்திலேயே சொல்லிவைத்தார்கள். அதே ஜாக்கிரதை இங்கும் வேண்டும். சிலிகோன் வளையத்துக்குச் சிலிகோன் எண்ணெய் ஆகாது, ஊதிவிடும். இயற்கை ரப்பருக்கு மண்ணெண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் ஆகாது. நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், ஆனால் இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் கிடந்தால் வெடிப்பு விடும். சுவிட்சுக்குள் கிரீஸ் தடவிவிட்டு அதே கையோடு வளையத்தை மாட்டுகிறவனிடம் இதையெல்லாம் சொன்னால், "வீடியோவில் அப்படித்தான் காட்டினாங்க" என்று பதில் வருகிறது. பம்புசெட்டுக் கடையில் கிடைக்கும் ஓ-ரிங்கைச் சல்லிசாக வாங்கி வந்து, காம்புக்குப் பெரிதாயிருக்க, பசை போட்டு ஒட்டியவனையும் பார்த்தேன். அந்தப் பசை சுவிட்சுக்குள் இறங்கியதை ஊசிமுனையால் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது; அதற்குக் கூலி கேட்டபோது, புது சுவிட்சே அந்த விலைக்குக் கிடைக்கும் என்று கணக்குச் சொன்னான்.

இப்போது காந்தத்தால் வேலை செய்யும் சுவிட்சுகள் வந்திருக்கின்றன; நெதர்லாந்தின் ஊட்டிங் கீபோர்டைப் போன்றவற்றில் எழுத்து எந்த ஆழத்தில் விழ வேண்டும் என்பதை விசைக்கு விசை சொல்லிவிடலாம்; விரல் சற்றே எழும்பினாலும் எழுத்து அறுபடுமாறு வைக்கவும் முடியும். பையன்கள் நாடிய வேகத்தை உண்மையாகக் கொடுக்கக்கூடியது அதுதான். அதில் திருப்புளிக்கு வேலை கம்மி, காகிதத் துண்டுக்கு வேலையே இல்லை. மாஸ்டர் இருந்தால் அதையும் திறந்து பார்த்திருப்பார்.

வளையம் விற்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. வெளிதேசத்தில் நல்ல வியாபாரிகள் ஷோர் ஏ அளவில் 40 என்றோ 50 என்றோ கடினத்தையும், எத்தனை மில்லிமீட்டர் ஓட்டம் குறையும் என்பதையும் சொல்லி விற்கிறார்கள். இங்கே என் கைக்கு வரும் பொட்டலங்களில் ஒரு படம் இருக்கிறது, 'கேமிங்' என்ற சொல் இருக்கிறது, விலை இருக்கிறது. என்ன ரப்பர், எவ்வளவு கனம், எவ்வளவு கடினம் என்பது எங்கும் இல்லை. அதனால் நான் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு வளையத்தையும் நகத்தால் அழுத்தி, மெத்து ஒரு டப்பியிலும் கெட்டி ஒரு டப்பியிலுமாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் மாட்டுகிறேன். மெத்தெல்லாம் நடு வரிசைக்கு, கெட்டியெல்லாம் யாரும் அதிகம் தொடாத மேல்வரிசை எஃப் விசைகளுக்கு. அந்தப் புத்தூர்ப் பையனின் பாக்கெட்டும் இதே ஜாதிதான். கால்வாசி வளையம் கெட்டி டப்பிக்குப் போயிற்று.